இன்ஸ்பெக்டர் வீட்டுப் பீலி

மலாயாவின் கூலாயில் சுகாதார இன்ஸ்பெக்டர் சோமசேகரத்தின் சைக்கிள் மணி கேட்டால் போதும், வீட்டுக்காரர்கள் சிரட்டைகளையும் பழைய டின்களையும் கவிழ்த்துவைக்க ஓடுவார்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு கொசுப்புழு நெளிந்தாலும் சம்மன்தான். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கையில் கண்ணாடிப் போத்தல். அந்த வெள்ளையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தவள் அவர் மனைவி செல்லப்பாக்கியம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவள். பத்து வருடம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் காலந்தள்ளிவிட்டு, 1929இல்தான் சொந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக இருந்ததால், கூரையில் விழும் மழைநீர், கூரை விளிம்பு நெடுகப் பொருத்திய தகரப் பீலி வழியாக ஓடி, அடுப்படிக்குப் பக்கத்துச் சிமெந்துத் தொட்டியில் நிறையும். குடிக்கவும் சமைக்கவும் அதுதான்.

வந்த வருடமே அவள் சொன்னாள். "இஞ்சேருங்கோ, ரம்புத்தான் கொப்பு கூரையிலை கிடந்து உரசுது. வெட்டுவிக்க வேணும். பீலியையும் ஒருக்காப் பார்க்க வேணும்."

"பாப்பம்," என்றார் அவர். அந்தக் கொப்பில்தான் நல்ல பழம். மேலதிகாரிகள் வந்தால் கூடையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

மூன்று மழைக்காலம் போயிற்று. 1932 ஒக்டோபரில் தண்ணீர் நாறத் தொடங்கியது. கொதிக்கவைத்தால் நாற்றம் இன்னும் கிளம்பியது. இருவருக்கும் வயிறு கெட்டது. "நீர் சட்டி பானை வடிவாக் கழுவிறேல்லை," என்றார் சோமசேகரம். அவளும் அதை நம்பினாள். ஒரு கிழமை முழுக்கச் சாம்பல் போட்டு, நகக்கண் எரிய எரியத் தேய்த்தாள். தொட்டியையும் இறைத்துக் கழுவினாள். அடுத்த மழைக்கு அதே நாற்றம்.

அப்போதுதான் ஐயாசாமியை ஏணியோடு வரச்சொன்னாள். முன்பு ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டியவன். இப்போது கிடைத்த கூலிவேலை செய்கிறவன். மேலே போனவன் பீலிக்குள் குனிந்து பார்த்தான்.

"என்னவாம்?"

"சொன்னா நம்ப மாட்டீங்கம்மா. மேல வந்து நீங்களே பாத்துடுங்க."

சேலையோடு ஏற முடியாது. உள்ளே போய், அன்று காலை தேய்த்து வைத்திருந்த கணவனின் வெள்ளைக் கால்சட்டையை மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

பீலி நெடுக இலைகள் அழுகிக் கறுப்புக் கூழாகக் கிடந்தன. அந்தக் கூழ் அசைந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் புழு. தண்ணீர் இறங்கும் வாயில் ஒரு மரநாய் செத்துக் கிடந்தது. மயிர் உரிந்து, பல் இளித்து, விலா எலும்புகளுக்குள் தண்ணீர் புகுந்து தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கொப்பு உரசிய இடத்தில் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அடிச்சட்டத்தை விரலால் அழுத்தினாள். ஈரப் புட்டைப்போல் உள்ளே போனது.

செல்லப்பாக்கியம் கூரையைப் பிடித்தபடியே வாந்தியெடுத்தாள்.

"நீங்க எறங்குங்கம்மா, நான் அள்ளிடுறேன்."

"குடிச்சது நான். நானே அள்ளுறன்."

முழங்கைவரை கையை விட்டு அள்ளினாள். ஐயாசாமி வாளியைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "கோழித் தண்ணியில நாலு புழு இருந்துச்சுன்னு ஐயா என்னைக் கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் காகிதம் குடுத்துட்டாங்கம்மா. இங்க எண்ணவே முடியல." அவன் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அவளுக்கு அது தாங்கவில்லை.

சாயங்காலம் கணவன் வந்து உட்கார்ந்ததும், உடுப்பு மாற்றாமலே வாளியைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"என்ன கண்றாவியப்பா இது?"

"எங்கடை பீலியிலை கிடந்தது. இதின்ரை சாறைத்தான் நாங்கள் இவ்வளவு நாளும் குடிச்சிருக்கிறம்."

அவர் குமட்டுவார், இல்லாவிட்டால் சட்டி தேய்த்த அந்த ஒரு கிழமைக்காவது ஏதாவது சொல்வார் என்று நின்றாள். அவர் வாசலைப் பார்த்தார்.

"ஆர் கண்டது?"

"ஐயாசாமி."

"நீர் ஏன் அவனுக்குக் காட்டினனீர்?"

முழங்கைவரை கைவிட்டு அள்ளியபோது வராத அருவருப்பு, அப்படிக் கேட்ட கணவனின் வாயைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது.

மறுகிழமை ஐயாசாமியின் வழக்கு காணாமற்போனது. சந்தோஷமாகச் சொல்ல வந்தான். "ஐயாவுக்கு நல்ல மனசும்மா." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் யாருகிட்டயும் சொல்லல," என்றான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான்கு நாள் வேலை நடந்தது. கொப்பை வெட்டினார்கள், சோமசேகரம் பழத்துக்காகக் கத்தினார். உளுத்த சட்டங்களை மாற்றினார்கள். தளர்ந்த ஆணிகளைப் பிடுங்கி, தாரில் தோய்த்த சாக்குத் துண்டு வைத்து மறுபடி அடித்தார்கள். ஓட்டைகளைத் தாரால் அடைத்து, பீலி வாய்க்குக் கம்பிவலை போட்டார்கள். அதன்பின் மாதம் ஒருமுறை, வெயில் கண்ட காலையில் அவளே ஏறிப் பார்த்தாள்.

தபால் கிளார்க்கின் மனைவி இராசம்மா ஒருநாள் வந்து சிரித்தாள். "காற்சட்டை போட்டுக்கொண்டு கூரையிலை ஏறுறியாமே?"

"ஓம். உங்கடை பீலியைக் கடைசியா எப்ப பார்த்தனீங்கள்?"

இராசம்மா வாய்க்குக் கொண்டுபோன கோப்பியைக் கீழே வைத்தாள்.

டிசம்பரில் மூன்று நாள் புயல்மழை. அந்தத் தெருவில் ஐந்து கூரைகள் பறந்தன. இன்ஸ்பெக்டர் வீட்டில் ஒரு தகரம்கூட அசையவில்லை. தை பிறந்ததும் யாழ்ப்பாணத்தார் சங்கக் கூட்டத்தில் சோமசேகரம் பேசினார். "மழைக்கு முன்னம் கூரையேறிப் பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. நான் என் வீட்டில் மாதந்தோறும் பீலியைச் சுத்தம் செய்விக்கிறேன்." எல்லோரும் கைதட்டினார்கள். பெண்கள் வரிசையில் இருந்த செல்லப்பாக்கியத்தின் தொண்டைக்குள் அந்தக் கறுப்புக் கூழின் நாற்றம் ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை, சனங்கள் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து, ஏணியை வாசல் பக்கம் சாத்தச் சொன்னாள். ஐயாசாமி பிடித்துக்கொண்டான். "இஞ்சேருங்கோ!" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். "பீலி பார்க்கிற நாள் எல்லே, வாருங்கோ!"

தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். மறுக்க வழியில்லை. வெள்ளை உடுப்போடு ஆறு படி ஏறி, பீலிக்குள் கைவிட்டார். கிடந்தது கொஞ்சம் ஈர இலையும் ஒரு தவளையும்தான். தவளை விரலில் பட்டதும் முகம் கோணி, ஓங்கரித்துக்கொண்டு இறங்கி, கிணற்றடிக்கு ஓடினார்.

ஒரு தவளைக்கே இவ்வளவா, என்று அவளுக்கு இருந்தது. காறித் துப்பிவிட்டு, கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, மிச்ச இலையை அள்ளி முடித்தாள்.