நாகர்கோவிலுக்கு ஐம்பது மைல்

தங்கையை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்திருந்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து அவள் வீடு ஐம்பது மைல். மாட்டு வண்டியில் சாயங்காலம் கிளம்பினால் இரவெல்லாம் பயணம். பகலில் வள்ளியூரில் மாட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மறுபடியும் ஓர் இரவு. போய் இறங்கும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும். அதனாலேயே வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் நான் போனதில்லை. பிறகு மோட்டார் பஸ் விட்டார்கள். நிற்காமல் ஓடினால் ஐந்து மணி நேரம்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் தந்தி வந்தது. நாலு நாள் காய்ச்சலில் கிடந்த தங்கை விடியற்காலம் போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தித்தான் எங்களில் இறந்த பெண்ணை எடுப்பது வழக்கம். அப்பா காலமாகிவிட்டதால் அதைக் கொண்டுபோக நான் ஒருவன்தான் இருந்தேன். மோட்டாரில் வருகிறேன், எடுக்க வேண்டாம் என்று பதில் தந்தி கொடுத்துவிட்டு, புதுச் சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினேன்.

நாங்குநேரியில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும்போது டிரைவர் என் மடியிலிருந்த பொட்டணத்தைப் பார்த்தார்.

"துட்டிக்கா போறிய, அண்ணாச்சி?"

சாவுக்குத்தான், தங்கை என்றேன். அதன்பிறகு வள்ளியூரில் காப்பிக்கு நிறுத்தச் சொன்னவர்கள் பேச்சை அவர் காதில் வாங்கவில்லை. ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் சுங்கக்காரர்கள் புதுத் துணியைப் பிரித்துப் பார்த்தபோதும் அவரே இறங்கிப்போய் விஷயத்தைச் சொல்லி என்னைக் கூட்டிவந்தார். வழியில் வண்டி ஓரிடத்திலும் மக்கர் பண்ணவில்லை.

வீட்டு முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை.

தங்கை புருஷன் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். தந்தி கிடைத்ததாம். ஆனால் பெரியவர்கள் யாரும் மோட்டாரை நம்பவில்லை. போன மாதம் அது பணகுடியில் இரண்டு நாள் பழுதாகிக் கிடந்திருக்கிறது. மாட்டு வண்டிக் கணக்கில் பார்த்தால் நான் வர நாளை மறுநாள் ஆகும். அதுவரை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தெருவில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு, பிறந்த வீட்டுக்காரராக நிறுத்தி, கோடி போடச் சொல்லி எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

"நா சொன்னேன் மச்சான், வந்திருவாவன்னு. ஒருத்தரும் கேக்கல."

பொட்டணத்தை அவர் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எப்பம் கெளம்புனிய?"

"ஒம்பதுக்கு."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். பாதியில் கையை விரித்துத் தரையில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ என்னைக் குளிக்கச் சொன்னார்கள்.