எலும்புக்கோட்டையில் கட்டிய குதிரை

நிலக்கோட்டை வாசகர் வட்டத்துக்கு நான்தான் செயலாளர். பெயர் வேலுசாமி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். வெளிவந்த புத்தகம், வராத புத்தகம் எல்லாவற்றைப் பற்றியும் பன்னிரண்டு பேருக்கும் கருத்து உண்டு. கமலக்கண்ணன் அந்தப் பன்னிரண்டில் சேர்த்தியில்லை. அவர் பூ வண்டி ஓட்டுகிறவர்.

வண்டி என்றால் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. காலையில் மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடமதுரை, மணப்பாறை வழியாகத் திருச்சி போய் இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடுவார். பத்து வருஷம் பாட்டுக் கேட்டபடி ஓட்டினார். போன வருஷம் மகள் தீபா அவர் போனில் ஆடியோ புத்தகம் கேட்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது பித்து. பேயும் மந்திரமும் இல்லாத கதையை மனிதர் காதில் வாங்குவதே இல்லை. சரித்திரக் கதை கேட்டால் ஸ்டியரிங்கிலேயே தூக்கம் வருகிறதாம். குடும்பக் கதை வீட்டிலேயே ஓடுகிறதாம்.

பேய்க் கதையிலும் லேசில் திருப்திப்பட மாட்டார். என் கடைக்கு ஆர்.சி. புத்தகம் நகலெடுக்க வந்தால்கூட விமர்சனம்தான்.

“சும்மா சும்மா கதவை ஆட்டுற பேயி எனக்கு ஆகாதுண்ணே. வந்தமா, வந்த சோலியப் பாத்தமா, போனமான்னு இருக்கணும். நேத்துக் கேட்ட கதையில மந்திரவாதி கால் மணி நேரம் மந்திரம் சொல்றான். அம்புட்டு நேரமும் பேயி கையக் கட்டிக்கிட்டு நிக்குது. ரேசன் கடைக்கா வந்திருக்கு?”

வாசிக்கிற குரலையும் விடமாட்டார். ஒரு கதையில் பேய்க்கும் கதாநாயகன் மனைவிக்கும் ஒரே குரலாம். “பெறகு அவன் ஏமாந்துட்டான்னு குத்தம் சொன்னா எப்படிண்ணே? எனக்கே எது கூப்புடுதுன்னு தெரியல.”

இன்னொரு பழக்கமும் உண்டு. கதை சொல்கிறவருக்கு ‘ம்’ கொட்டாமல் இருப்பது அவமரியாதை என்று வளர்ந்த ஆள். அதனால் போனுக்கும் கொட்டுவார். பூ மூட்டை ஏற்றும்போது காதில் வயரைச் செருகிக்கொண்டு, வரிக்கு ஒரு ‘ம்’ போட்டபடி நிற்பார். புதிதாய்ப் பார்ப்பவர்கள் வயிற்று வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி நாலு நடையில் அவர் கேட்டு முடித்த கதைதான் ‘எலும்புக்கோட்டை இளவரசி’. அச்சில் அறுநூற்று நாற்பது பக்கம். எங்கள் வட்டம் அந்த மாதம் எடுத்துக்கொண்ட புத்தகமும் அதுவே. கதாநாயகன் பேய்க்கோட்டைக்குள் நுழையும் முன் தன் வெள்ளைக் குதிரையை வெளியே புளியமரத்தில் கட்டிவிட்டுப் போகிறான். உள்ளே ஏகப்பட்ட ரகளை. கடைசியில் இளவரசிக்கு இறக்கை முளைத்துவிடுகிறது. அவனையும் தூக்கிக்கொண்டு அவள் பறந்துவிடுகிறாள். சுபம்.

கமலக்கண்ணனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

“குதிரை என்னண்ணே ஆச்சு? கட்டினது கட்டினபடியே நிக்கிது. வாசிக்கிற அம்மா ரெண்டு பக்கத்த முழுங்கிருப்பாங்க. புத்தகத்துல இருக்கும்ல? நீங்க படிச்சிருப்பீங்களே.”

நான் அறுபதாம் பக்கத்தில் நின்றுபோயிருந்தேன். செயலாளர் அதை வெளியே சொல்ல முடியுமா? “கூட்டத்துல விரிவாப் பேசுவோம்” என்று சமாளித்தேன்.

நாலு நாள் கழித்து மார்க்கெட் சுவரில் எங்கள் கூட்ட நோட்டீஸைப் பார்த்துவிட்டு நேராக நூலகத்துக்குப் போனார். நூலகர் சௌந்தர்யாவுடன் நானும் அங்கே இருந்தேன்.

“சிறப்புரைன்னு எம்பேரு போட்டிருக்கே, யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“உங்களைத்தாண்ணே கேட்டேன். இந்தக் கதைய முழுசாக் கேட்டவராச்சேன்னு மார்க்கெட்ல வந்து, பேசுறீங்களான்னேன், ‘ம்’னீங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணின்னேன், ‘ம்’னீங்க. நோட்டீஸ்ல பேரு போடவான்னேன், அதுக்கும் ‘ம்’தான்.”

கமலக்கண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது மந்திரவாதிக்குச் சொன்னதும்மா!”

வீட்டில் அவர் மனைவி கனகா சிரித்து ஓய்ந்தபிறகு சொன்னாராம்: “ஒரு வருசமாப் பேயோட குடித்தனம் பண்ற ஆளு, பன்னெண்டு மனுசருக்கா பயப்படுறீங்க?” பயந்தார், உண்மைதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனாலும் வருவதென்று முடிவெடுத்தார். புத்தகத்தையே படித்த பன்னிரண்டு பேர் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், ஒருவருக்காவது குதிரையின் கதி தெரியாமலா இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் நூலகத்துக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பிரான்சிஸ் சார் பேசினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் வட்டத்தின் தலைவர். அச்சத்தின் அரசியல் பற்றி முக்கால் மணி நேரம். அச்சமும் வந்தது, அரசியலும் வந்தது, எலும்புக்கோட்டைதான் வரவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

கமலக்கண்ணன் எழுந்தார்.

“கதை வடமதுரை வரைக்கும் சுமார்தான். அய்யலூர் தாண்டித்தான் சூடு பிடிக்கிது. மூணாவது நடையில, மணப்பாறைக்கு முன்னால குதிரையக் கட்டுறான்.”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பிரான்சிஸ் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பக்க எண்ணைச் சொல்லுப்பா.”

“நம்பர் தெரியாது சார். டோல்கேட் தாண்டி ஒரு பஞ்சர் கடை இருக்கும், அங்கன.”

“அதுக்குத்தான் சொல்றேன். காதுல விழுந்ததெல்லாம் வாசிப்பு ஆகாது. புத்தகத்தைக் கையில எடுத்தவனுக்குத்தான் அதைப் பத்திப் பேசுற தகுதி.”

கமலக்கண்ணன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் உட்காரவில்லை.

“வாசிச்சேன்னு நான் சொல்லல சார். வாசிச்சவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருவேன். அந்தக் குதிரைய யாரு அவுத்து விட்டா?”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிரான்சிஸ் சார் தொண்டையைச் செருமினார்.

“குதிரைங்கிறது அங்க ஒரு குறியீடு.”

“என்னவாவும் இருக்கட்டும் சார். அதுக்குத் தண்ணி காட்டினாங்களா இல்லையா?”

சௌந்தர்யா எழுந்து புத்தகத்தை எடுத்தாள். “நானே பாதிதான் படிச்சிருக்கேன். கடைசி வரைக்கும் முடிச்சவங்க கை தூக்குங்க, அவங்களே சொல்லட்டும்.”

என் வலது கை பழக்கதோஷத்தில் மார்பு வரை வந்தது. அங்கிருந்து சட்டைப் பையைத் தடவிவிட்டுக் கீழே போனது. பிரான்சிஸ் சார் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு கைகூட எழவில்லை.

“அண்ணே, நீங்க ஏன் தூக்கல?” என்று சௌந்தர்யா கமலக்கண்ணனைக் கேட்டாள்.

“நான் காதால கேட்டதுதானம்மா. படிச்சவங்களத்தான தூக்கச் சொன்னீங்க.”

குத்திக்காட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மனிதர் நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சௌந்தர்யா குதிரையைக் கட்டிய இடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை.

“இல்லண்ணே. புத்தகத்துலயும் அவுக்கல.”

“இம்புட்டு எழுதினவருக்கு அதுக்கு ஒரு வரி கிடைக்கலையா?” என்றார் கமலக்கண்ணன். கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

பிரான்சிஸ் சார் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவர் கையைப் பிடித்தார். “கமலக்கண்ணன், இங்க வந்து உக்காருங்க. நான் எழுபதாம் பக்கத்தோட மூடிட்டேன். மொதல்லருந்து சொல்லுங்க.”

ஒன்றரை மணி நேரம் சொன்னார்.

அன்றைய கூட்டக் குறிப்பை நான்தான் எழுதினேன். நூலைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்தவர்கள் பன்னிரண்டு பேர், நூலை முழுதாக அறிந்தவர் ஒருவர், அவர் நம் உறுப்பினர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். பிரான்சிஸ் சார் இரண்டு தடவை படித்தார். ‘அல்ல’ என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.