தம்பிக்கு முளைத்த பல்

என் தம்பிக்கு முதல் பல் முளைத்தபோது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் பல்லுக் கொழுக்கட்டை அவித்தார்கள். அவனைப் பாயில் உட்காரவைத்து, பொடிப்பொடியான கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டினார்கள். அவன் சிரித்தான். கீழ் ஈறில் நொய்யரிசி போல இரண்டு வெள்ளை. எனக்கு அப்போது நான்கு வயது. எனக்கு அதுவரை வந்திருந்தது மேல்வாயில் முள் மாதிரி இரண்டே இரண்டு. அதற்குக் கொழுக்கட்டை அவிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவனுக்கு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கொள்ளிடக்கரையில் விற்கிற வெள்ளரிப்பிஞ்சை அவன் நறுக்கென்று கடித்தால் எனக்கு வயிறு எரியும். எனக்கு எப்போதும் குழையப் பிசைந்த சோறுதான். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடங்கி, தலைமுடியும் பூனைமுடியாக இருந்ததால் பள்ளிக்கூடத்தில் என்னைத் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டார்கள்.

ஆறு வயதில் தம்பிக்கு முன்பல் விழுந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சில வாரங்களில் அதே இடத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று எட்டிப் பார்த்தது. விழுந்தாலும் இவனுக்கு முளைக்கிறதே என்று நான் பின்கட்டில் போய் அழுதேன். கொசு கடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன்.

அப்பா வேலை பார்த்த ஜவுளிக்கடையில் யாரோ சொல்லித்தான் திருச்சியில் ஒரு பல் டாக்டரிடம் அம்மா என்னைக் கூட்டிப்போனாள். அவர் என் வாயையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பையனுக்கு வேர்க்காதே?” என்றார்.

அம்மா திகைத்துப்போனாள். “ஆமாங்க. வெயில்ல விட்டா ஒடம்பு கொதிச்சிரும். ஈரத்துணி போத்தியே வளத்தேன். ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“பல்லு, முடி, வேர்வை மூணும் சேந்து இப்படி சில பேருக்குப் பொறவியிலயே இருக்கும். புஸ்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல இப்பத்தான் பாக்கறேன்.”

“இவன் வயித்துல இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேங்க. அதனாலதான்...”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பல்செட்டு கட்டிரலாம். இந்த ரெண்டு பல்லும் அதைப் பிடிச்சுக்கும். கூடப் பொறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. அவங்க பல்லு மாதிரியே செஞ்சா மொகத்துக்குப் பொருந்தும்.”

அடுத்த தடவை தம்பியும் வந்தான். டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, “பிரமாதமா இருக்கே!” என்றார். எனக்கோ வெந்நீரில் இளக்கிய மெழுகை வாயில் அழுத்தி அச்செடுத்தார்கள். குமட்டிக் கண்ணீர் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் தம்பி கண்டக்டரிடம், “எங்கண்ணனுக்கு என் பல்லப் பாத்துத்தான் செய்யறாங்க,” என்றான். காவிரிப் பாலம் முடிகிற வரை நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கென்று வரப்போகிற பல்லும் அவனுடையதுதானா?

செட்டைப் பொருத்திய அன்று எச்சில் ஒழுகியது. ‘ச’ சொன்னால் விசில் வந்தது. ஆனால் டாக்டர் கொடுத்த கண்ணாடியில் கன்னம் நிரம்பி, உதடு வெளியே வந்து, ஒரு பையன் தெரிந்தான். அம்மா என் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். நான் கழற்றிக் காட்டுவேன், மாட்டிக் காட்டுவேன். தம்பியை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

“எனக்கும் பல்செட் வேணும்.”

“ஒனக்குத்தான் சாமி பல்லு குடுத்திருக்காரேடா!” என்றாள் அம்மா.

“இதைக் கழட்ட முடியலையே!”

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். வருஷக்கணக்காக நான் அவனைப் பார்த்த பார்வை. அவனைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். நான் முறுக்கு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, அவன் எதிரில் உட்கார்ந்து, மெதுவாகக் கடித்தேன். ஈறு உயிர்போக வலித்தது. முழுவதையும் தின்று முடித்தேன்.

தாடை வளர வளரச் செட்டை மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தம்பி கூடவே கிளம்பிவிடுவான். பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு இரண்டு பேரும் அடித்துக்கொள்வோம்.