கங்கைக்குப் போன கொலு

லக்ஷ்மிநாராயணனைப் பற்றி டாலிகஞ்ச் காலனியில் யாரைக் கேட்டாலும் "குழந்தை மாதிரி மனுஷன்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வரும். குழந்தையாம் குழந்தை! பாங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயரான குழந்தை. வாசலில் யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "கேட்டா, குடுத்தேன்" என்று சிரிக்கும். சுத்தியல், குடை, இவளுடைய புதுக் குக்கர். வீடு வீடாகப் போய் அதையெல்லாம் திருப்பி வாங்கி, பொல்லாதவள் என்று பெயரெடுத்தது யார்? இவள்தான்.

இந்த வருஷம் பெண் மிருதுளாவின் பிரசவத்துக்கு ரோஹிணி சென்னை போயிருந்தாள். துர்கா பூஜை சமயத்தில் காலனியின் வங்காளி கிளப் ஆட்கள் வந்து, பந்தலில் ஓர் ஓரமாகக் கொலு வைக்கப் பொம்மை கேட்டார்களாம். மனுஷர் பரணிலிருந்து பெட்டியோடு இறக்கிக் கொடுத்துவிட்டார். அவள் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடியும் அதற்குள்தான்.

தசமிக்கு மறுநாள் வந்து இறங்கியவள் பரணைப் பார்த்தாள்.

"பொம்மைப் பெட்டி எங்கேன்னா?"

"கிளப்புல இருக்கு. பத்திரமாப் பாத்துப்பா."

பையைக்கூடக் கீழே வைக்காமல் கிளப்புக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். செக்ரட்டரி தேபு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, அவளை அண்ணி முறை வைத்து வங்காளியில் சொன்னான்: "ஒரு குறையும் வைக்கலை, பௌதி. துர்கா மாவோட சேர்த்து எல்லாருக்கும் குங்குமம் வெச்சு, சந்தேஷ் இனிப்பு ஊட்டி, மேளம் அடிச்சு, நேத்து கங்கையில கரைச்சுட்டோம்."

கரைத்துவிட்டார்களா! பூஜை முடிந்தால் சாமியைக் கரைப்பதுதான் இவர்கள் வழக்கம். கொலு பொம்மையைத் துணி சுற்றி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்போம் என்று இவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

"நீங்க சொல்லலையா?" ரோஹிணி கணவர் பக்கம் திரும்பினாள்.

"தெரியும்னு நெனச்சேன்."

விஷயம் புரிந்ததும் தேபு அழுதுவிட்டான். லக்ஷ்மிநாராயணன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அழாதேப்பா. நீ நல்லதுன்னுதானே செஞ்சே."

"நாராயண்தா குழந்தை மாதிரி, பௌதி" என்றான் தேபு கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாண்டா, குழந்தை!" ரோஹிணி தமிழிலேயே வெடித்தாள். "இவர் குழந்தையா இருக்கறதுக்காக நான் ராட்சசியா இருக்கேன். இவர் ஊரை நம்புவார், நான் ஊரைச் சந்தேகப்படணும். எனக்கும் ஒருநாள் கதவைத் திறந்து போட்டுட்டு நிம்மதியாத் தூங்கணும்னு இருக்காதா? அது எங்கம்மா குடுத்தது!"

தேபுவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிய வேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது பால்கனிக் கொடியில் பழைய வேட்டித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. பொம்மைகளைச் சுற்றிவைக்கிற துண்டுகள்.

"குடுக்கறச்சே பிரிச்சு வெச்சுண்டேன். பொம்மை வந்தா சுத்தி வைக்கலாமேன்னு துவைச்சுப் போட்டேன்" என்றார் மெதுவாக, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

ரோஹிணி அத்தனையையும் உருவி அவர் மடியில் போட்டாள்.

"அவன் தோளைத் தட்டினேளே, என்னை ஒரு வார்த்தை கேட்டேளா? இனிமே இதுல எதைச் சுத்தறது, சொல்லுங்கோ."

அவர் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை.