நிறுத்தத்துக்கு எத்தனை மார்க்?

திண்டிவனம் பஸ் நிலையத்தில் செஞ்சி வண்டியிலிருந்து இறங்கிய கண்டக்டர்தான் சொன்னார். "கம்பவுண்டர் சார், உங்க டெய்லர் பாய் விடிகாலைல போய்ச் சேந்துட்டாரு. ராத்திரி நல்லா சாப்ட்டுதான் படுத்தாராம்." சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். நான் கால்நடை மருத்துவமனைக்கு லீவு சொல்லக்கூடத் தோன்றாமல் அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மாட்டு மருந்துப் பையை மடியில் வைத்திருப்பதை வல்லம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

கரீம் பாயைச் செஞ்சியில் அறியாதவர்கள் குறைவு. காந்தி பஜாரில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவருடைய தையல் கடை. அவலூர்பேட்டை, வல்லம், திண்டிவனம் என்று எந்த ஊர் பேண்டு செட் கல்யாண ஊர்வலத்தில் வந்தாலும், அவர்கள் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டும் தோளில் தொங்கும் தங்கக் குஞ்சமும் பாய் தைத்ததாகத்தான் இருக்கும். அவரை உத்தமர் என்று எழுத மாட்டேன். தீபாவளிக்கு என்று வாங்கிய துணியைப் பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்தவர் அவர். இதைப் படிக்கும் செஞ்சிக்காரர்களில் பலர் அவரோடு சண்டை போட்டிருப்பீர்கள். நான் எழுத வந்தது அவரும் நானும் ஏழுமலையும் ஆடிய ஒரு விளையாட்டைப் பற்றி. அந்த விளையாட்டால் நாங்கள் மூவரும் தலைகுனிந்து நின்ற ஒரு சாயங்காலத்தைப் பற்றி.

ஏழுமலை ரேடியோ ரிப்பேர்காரன். நான் அப்போது செஞ்சியில் கம்பவுண்டர். மூன்று பேருக்கும் பேண்டு என்றால் பைத்தியம், ஆனால் ஒருவருக்கும் ஒரு பீப்பீகூட ஊதத் தெரியாது. ஒரு நாள் பாய்தான் ஆரம்பித்தார்: "அவலூர்பேட்டை கிளாரினெட்டு, திண்டிவனத்து டிரம்பெட்டு, வல்லத்து சைடு டிரம்மு. இவனுங்களை ஒரே செட்டுல போட்டா எப்டி இருக்கும்?" அப்படி ஒரு செட் உலகத்தில் கிடையாது. அதனால் என்ன, நாங்கள் உண்டாக்கினோம். தை பிறக்குமுன் சீட்டுக் குலுக்கிப் போட்டு, சுற்றுவட்டாரத்து வித்வான்களில் வாத்தியத்துக்கு ஒருவராக ஆளுக்கொரு கற்பனை செட் சேர்த்துக்கொள்வோம். தை முதல் ஆனி வரை அவர்கள் நிஜமான ஊர்வலங்களில் எப்படி வாசிக்கிறார்களோ, அதுவே எங்கள் செட்டின் மார்க். ஆடியில் கல்யாணம் கிடையாது, கணக்கு முடிந்துவிடும். தோற்ற இருவரும் ஜெயித்தவனை ராஜகிரிக் கோட்டை மலைக்குக் கூட்டிக்கொண்டுபோய், அவனுடைய சாப்பாட்டுத் தூக்கை உச்சிவரை சுமக்க வேண்டும்.

விதிகளெல்லாம் பாயுடையவை. ஜனங்கள் கேட்டு ஒரு பாட்டை மறுபடி வாசித்தால் மூன்று. திருவண்ணாமலை பஸ் எதிரே வந்து, வாசிப்பு அறாமல் வரிசையாக ஒதுங்கினால் நான்கு. கோட்டில் பொத்தான் மாட்டாமல் வந்தால் ஒன்று குறையும். இது தையல்காரரின் வயிற்றெரிச்சல் என்று ஏழுமலை சொல்வான். மூவரில் இருவராவது நேரில் பார்த்தால்தான் மார்க் செல்லும். அதனால் எங்கே மேளச்சத்தம் கேட்டாலும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மூன்று பேரும் ஓடுவோம். கல்யாண வீட்டுக்காரர்கள் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்ததும் உண்டு.

விஷயம் மெல்ல வித்வான்களுக்கும் தெரிந்துபோனது. வல்லத்துப் பெரிய டிரம் அடிக்கும் முனியன் ஒரு முறை கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தவன், கையைத் தூக்கி நின்றபடியே கேட்டான்: "இந்த வருசம் என்னை யாரு எடுத்துக்கினது பாய்?" யாரும் எடுக்கவில்லை. பாய் டேப்பை அவன் மார்பில் சுற்றிக்கொண்டே, "உன்னை எடுக்கத்தான் மூணு பேருக்கும் சண்டை. ராஜி ஆவலை, அதான் வுட்டுட்டோம்" என்றார். முனியன் பூரித்துப்போனான். அளவுக்கு ஓர் அங்குலம் கூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

விதிகளிலேயே பாய் பெருமைப்பட்டது ஒன்று உண்டு. சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போது செட்டார் வாசிப்பை நிறுத்திவிட்டு நடப்பார்கள். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் எதிரிலும் அப்படித்தான். "வாசிக்கிறதுக்கு எல்லாரும்தான் மார்க்கு போடுவான். நிறுத்துறதுக்கு எவன் போடுறான்? நாம போடுவோம்" என்றார். மொத்த செட்டும் ஒரே அடியில் நிறுத்தினால் பத்து, ஒருவன் பிந்தினாலும் ஐந்து. எங்கள் விளையாட்டிலேயே பெரிய மார்க் அதுதான்.

பாய் ஒரு வருஷமும் ஜெயித்ததில்லை. அந்த வருஷம் அவருக்கு யோகம். ஆனி மாதத்துக் கடைசி ஊர்வலம், ஒரு மாப்பிள்ளை அழைப்பு. திண்டிவனத்து செட். அதன் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பாய் எடுத்தவர்கள். முதலில் இருந்த என்னைவிட ஏழெட்டு மார்க்தான் பின்தங்கியிருந்தார். மெயின் ரோட்டில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் ஊர்வலம் ஒரு சந்துக்குள் திரும்பியது. பாதிச் சந்தில் செட் சட்டென்று வாசிப்பை நிறுத்தியது. ஒரு கூரை வீட்டு வாசலில் விளக்கு வைத்திருந்தார்கள். உள்ளே அழுகுரல். பறைக்குக்கூட இன்னும் சொல்லியனுப்பியிருக்கவில்லை.

"பத்து!" என்று பாய் கையைத் தட்டினார். "கம்பவுண்டரே, தூக்குக்கு எண்ணெய் போட்டு வை. ராஜகிரி ஏறணும்."

நான் விட்டேனா? "டிரம்பெட்டுக்காரன் ஒரு வாய் சேத்து ஊதிட்டான் பாய். அஞ்சுதான்" என்றேன்.

"ஊதலை. மூச்சு வுட்டான்."

"என் காது இன்னா செவிடா? அஞ்சு."

ஏழுமலை எங்கள் இருவர் சட்டையையும் பிடித்து இழுத்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை. வாசிப்பு நின்ற சந்தில் எங்கள் குரல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக வாசலுக்கு வந்தாள். கோபம் இல்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"பாய், கொஞ்சம் அப்பால போய்ப் பேசுங்க."

அது பட்டம்மாள். பாயின் கடையில் காஜா எடுப்பவள். அந்தச் சிவப்புக் கோட்டுகளில் பொத்தான் துளையெல்லாம் அவள் கைவேலை. வருஷக்கணக்காக வேலை செய்பவளுடைய வீடு எது என்று பாய் ஒரு நாளும் பார்த்ததில்லை. செத்துக்கிடந்தவன் அவள் புருஷன், மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்கியவன். ஆள்விட்டுச் சொல்லத்தான் செய்தார்களாம். நாங்கள் கடையைச் சாத்திவிட்டு ஊர்வலத்தின் பின்னால் போயிருந்தோம்.

மறுநாள் எடுத்தார்கள். பாய் மாலையோடு சந்து முனை வரை போய் அங்கேயே நின்றுவிட்டார். மாலையை ஏழுமலைதான் உள்ளே கொண்டுபோனான். நான் அதுவும் செய்யவில்லை. மண்டகப்பட்டில் மாடுகளுக்கு ஊசி போட வேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்று அங்கே ஒரு மாட்டுக்கும் ஊசி கிடையாது. குகைக் கோயில் நிழலில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் "அஞ்சு, அஞ்சு" என்று என் குரலே கேட்டுக்கொண்டிருந்தது.

அதோடு விளையாட்டு நின்றது. அந்த மார்க்கை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அந்த வருஷம் யாரும் ராஜகிரி ஏறவும் இல்லை. பாய் பிறகு ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார்: "நல்ல பழக்கம்னுதான் மார்க்கு போட்டேன். மார்க்கு போட்டதும் பழக்கம் மறந்து மார்க்குதான் கண்ணுல நிக்குது." சற்றுக் கழித்து, "செட்டு நின்னா பாக்குறவனும் நிக்கணும், கம்பவுண்டரே. வாயும் நிக்கணும், மனசும் நிக்கணும். அந்த ரூலை நான் போடலை பாரு" என்றார்.

காரியமெல்லாம் முடிந்து பட்டம்மாள் வேலைக்கு வந்தாள். பாய் அவளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். துணியை நகர்த்தி வைப்பார், அவளும் எடுத்துக்கொள்வாள். நான் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், ஊசியில் நூல் கோத்தபடி அவள் கேட்டாள்.

"பாய், அன்னிக்கு இன்னா மார்க்கு? பத்தா, அஞ்சா?"

மிஷின் நின்றது. "அதுக்கெல்லாம் மார்க்கு இல்லம்மா" என்றார் பாய்.

"இல்ல பாய், கோவத்துல கேக்கலை. எங்க வூட்டுக்காரருக்கோசரம் இந்த ஊருல ஒரு மாட்டு வண்டி நின்னதில்ல. அன்னிக்கு ஒரு செட்டே நின்னுச்சு. அது எவ்ளோன்னு தெரிஞ்சிக்கலாம்னுதான்."

பாய் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து மிஷினை மிதிக்கத் தொடங்கினார். ஐந்து என்று சண்டை போட்ட நான் பெஞ்சில் கிடந்த துண்டுத் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தபோது, இனி அந்தக் கடை பெஞ்சில் உட்கார வேண்டாம் என்ற நிம்மதி எனக்கு இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது அந்த மாட்டு மருந்துப் பையோடு பாயின் வீட்டு வாசலில் நின்றேன். ஏழுமலை வந்து பக்கத்தில் நின்றான். பட்டம்மாள் எதிர்ச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு எடுப்பதாகச் சொன்னார்கள். அப்போது தெருக்கோடியில் பேண்டுச் சத்தம். யார் வீட்டுக்கோ மஞ்சள் நீராட்டுச் சீர்வரிசை போகிறது. தாம்பாளங்கள் முன்னே வர, சிவப்புக் கோட்டுகள் பின்னே வந்தன. பாயின் வீட்டுக்குச் சற்று முன்னால் மொத்த செட்டும் ஒரே அடியில் நிறுத்தியது. காலடிச் சத்தம் மட்டும் எங்களைக் கடந்து போயிற்று.

என் வாய் நின்றிருந்தது. மனசு நிற்கவில்லை. 'பத்து' என்றது. சிநேகிதனின் மையத்து உள்ளே கிடக்கிறது, கண்ணில் ஒரு சொட்டு நீர் வருமுன் எனக்கு மார்க் வந்துவிட்டது. ஏழுமலையைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

செட் தெருவைத் தாண்டி மறுபடி வாசிக்கத் தொடங்கிய பிறகு பட்டம்மாள் எழுந்து எங்களிடம் வந்தாள்.

"பாய் கடசி வரைக்கும் சொல்லலை சார். நீங்களாவது சொல்லுங்க. அன்னிக்கு எவ்ளோ?"

"பத்துதாம்மா" என்றேன்.

"நீங்க அஞ்சுன்னீங்களே."

"தப்பாச் சொன்னேன்."

"அப்பன்னா பாய் ஜெயிச்சுட்டாரா?"

"ஜெயிச்சுட்டாரு."

அவள் தலையசைத்துவிட்டுப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பாயைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். தோற்றவர்கள் சுமக்க வேண்டும் என்பது பாய் போட்ட விதி. பள்ளிவாசல் வரை நானும் ஏழுமலையும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தோம்.

பாயை அறிந்தவர்களிடம் அவர் தைத்த கோட்டோ சட்டையோ ஒன்றிரண்டு மிச்சமிருக்கும். அவர் தைத்த எதுவும் என்னிடம் இல்லை. சாவு வீட்டின் எதிரே ஒரு செட் நிற்கும்போது நானும் நின்றுவிடுகிறேன். மார்க் முன்னால் வந்துவிடுகிறது, அதன் பின்னாலேயே வெட்கம் வருகிறது. பாயிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த வெட்கம்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.