கள்ளனுக்குத் திறந்த கதவு

கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவளுக்குக் கண்ணும் விரலும் போதும், மூளை இருந்தால் வேலை கெடும் என்பது எங்கள் அச்சகத்து முதலாளியின் கட்சி. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் காரைக்காலில் அவரிடம் டி.டி.பி. வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் எதுவானாலும் யோசிக்காமல் அடித்தவள்தான். எங்கள் சபையின் பழைய பாட்டுப் புத்தகம் திருத்தத்துக்கு வந்தபோதுதான் மூளை குறுக்கே வந்து நின்றது. பிறர் எழுத்தை அடித்துப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும், கேளுங்கள்.

பாரத்தில் அடங்காத பாவம்

திருத்தக் குழுவின் செயலாளர் சாமுவேல் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் சர்ச்சுக்குக்கூட வரமாட்டார். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும். அந்தப் பதினாறை ஒரு பாரம் என்போம். எல்லாப் பாட்டையும் அடித்து முடித்துப் பார்த்தால், கடைசிப் பாரத்தைத் தாண்டி மூன்று பக்கம் வழிகிறது.

சார் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சரணம் சரணமாக வெட்ட ஆரம்பித்தார். மலை, நதி, பூ, பறவை வருகிற சரணத்தில் பேனா படவே இல்லை. 'பாவி நான்', 'மன்னியும்' என்று எங்கே வந்தாலும் சர்ரென்று ஒரு கோடு. "அது எப்படி சார், பாவ அறிக்கையா பாத்துப் பாத்துப் போகுது?" என்று கேட்டே விட்டேன். சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"பாவம் கொறஞ்சா பக்கமும் கொறையும், நல்லதுதானேம்மா?"

பாய் கேட்ட கேள்வி

முதலாளி திருமலைராயன்பட்டினத்துக்காரர். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர், மின்சாரம் இல்லாததால் பொழுது போகாமல் என் மேஜையிலிருந்த புரூஃபை எடுத்துப் புரட்டினார். பாட்டில் இயேசுவின் இரத்தம் என்று வந்தால் இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்களாம். அதனால் குழு அதை 'வெளிச்சம்' ஆக்கியிருந்தது. 'என் பாவம் சுமந்தீர்' என்பது 'என் பாதை காட்டினீர்' ஆகியிருந்தது. பாய் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டு மறுபடி முதலுக்குப் போனார். எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

"ஏம்மா எஸ்தர், எங்க மார்க்கத்துல இந்த விஷயம் வேற. ஆனா உங்க ஆளுங்க அவரு சிலுவையில செத்தாருன்னுதானே சொல்லுவீங்க? எதுக்குச் செத்தாருன்னு இந்தப் புத்தகத்துல எங்கயும் காணலியே!"

ஒரே தப்பு, மூன்று தடவை

எங்கள் சபையில் அடக்கத்துக்குப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. இயேசுவோடு சிலுவையில் தொங்கி, சாகப்போகிற நேரத்தில் 'என்னையும் நினைத்துக்கொள்ளும்' என்று கேட்ட கள்ளனைப் பற்றியது அதன் கடைசிச் சரணம். 'கடைசி நேரம் கேட்ட கள்ளனுக்கும் கதவு திறந்தவரே.' குழு அதை 'நன்மை செய்து வாழ்ந்த நல்லோர்க்கெல்லாம் கதவு திறந்தவரே' என்று மாற்றியது. நல்லவனுக்குக் கதவு திறக்க இயேசு எதற்கு? வாட்ச்மேன் போதுமே!

கோட்டுச்சேரியில் இட்லிக்கடை வைத்திருந்த ரோஸி அக்காவை நினைத்தால் இன்னும் பொறுக்கவில்லை. அவர் புருஷன் காரைக்கால்மேட்டில் படகு இன்ஜின் திருடி ஜெயிலுக்குப் போனவர். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது போதகரைக் கூப்பிட்டு, அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அந்தச் சரணத்தைப் பாடித்தான் அடக்கம் நடந்ததாம். நான் அப்போது ஊரில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அக்கா அந்த ஒரு சரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் தலை நிமிர்ந்து சர்ச்சுக்கு வந்துகொண்டிருந்தார்.

என் கையால் அதை அழிப்பதில்லை என்று முடிவு கட்டினேன். முதல் புரூஃபில் பழைய வரியையே அடித்தேன். சார் சிவப்பில் திருத்தினார். இரண்டாம் புரூஃபிலும் கள்ளன் இருந்தான். மூன்றாவதிலும் அசையவில்லை. "கை தவறிடுச்சு சார்" என்றேன், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"மூணு தடவையும் ஒரே எடத்துலயா தவறும்? உன் வெரலுக்குத் தனியா ஞானஸ்நானம் குடுக்கணும் போலிருக்கே!"

பாடிப் பார்த்த சாயங்காலம்

அச்சுக்குப் போகுமுன் பாட்டுகளை வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். எந்த வாரம் யார் வீடு என்ற பட்டியலைப் போடுகிறவளும் நான்தான். அந்த வாரம் ரோஸி அக்கா வீடு என்று அடித்தேன். இந்தத் தடவை கை தவறவில்லை.

சார் புது வரியைச் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் 'நல்லோர்க்கெல்லாம்' என்று பாட, அக்கா மட்டும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு 'கள்ளனுக்கும்' என்று கணீரென்று பாடினார். பாட்டு முட்டிக்கொண்டு நின்றது. "புதுப் புத்தகத்துல மாத்திட்டோம்மா. நல்லவங்களுக்குக் கதவு தொறக்குறதா வரும்" என்று சார் விளக்கினார். அக்கா சுவரில் இருந்த புருஷன் படத்தைப் பார்த்தார். அவர் அழவில்லை.

"அன்னைக்கு ஊர்ல ஒருத்தரும் வரல சார். குழிக்கிட்ட நின்னு நீங்கதான் இதைப் பாடுனீங்க. அவருக்குத் தொறந்த கதவை இப்ப நீங்களே சாத்துறீங்களா?"

பாடியது சார்தான் என்பது எனக்கே புதுச் செய்தி. யாரோ ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார்கள். மறுநாள் காலை அச்சகத்துப் பூட்டைத் திறக்கும்போதே சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். புரூஃபை நீட்டினார். தான் எழுதிய புது வரியைத் தானே கோடு போட்டு வெட்டிவிட்டு, ஓரத்தில் 'பழையபடியே இருக்கட்டும்' என்று எழுதியிருந்தார். விடுவேனா? "மத்த சரணமெல்லாம் சார்?" என்று கேட்டேன்.

"பக்கம் இல்லியேம்மா."

முழுப் புத்தகத்தையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் கள்ளன் மட்டும் உள்ளே வந்துவிட்டான்; கடைசி நேரத்தில் உள்ளே வந்துவிடுவது அவனுக்கு ஒன்றும் புதிதில்லையே!