ஃப்ரீசருக்குப் பொட்டு வைத்தேன்

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி லேபில் எனக்கு ஒப்பந்த வேலை. செல்லுக்குள் புரதம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் முனையில் சின்னதாக ஒரு வேதிக் குல்லாவை மாட்டிவிடும் என்சைம் ஒன்று உண்டு. அதைத் தயாரித்துச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. குல்லா இல்லாவிட்டால் சில புரதங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் மாட்டினாலும் இதை விளக்காமல் விடமாட்டேன். பாவம், தூங்குவதுபோல் நடிப்பார்கள். ஆயுத பூஜை முடிந்ததும் அந்த என்சைம் வேலை செய்வதை மேனேஜருக்குக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நிரந்தரம்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். பூஜையன்று வீட்டில் ஃபேனைக்கூட நிறுத்திவிடுவார், வியர்வையில் நனைந்துகொண்டே சுண்டல் தின்போம்.

இந்த வருஷம் ஆயுத பூஜையன்று லேபில் ஒவ்வொரு கருவியாக நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கடைசியில் மூலையில் ஃப்ரீசர். மைனஸ் எண்பது டிகிரி. வருஷம் முழுக்க நிற்காமல் உறுமிக்கொண்டு கிடக்கிறது. அய்யோ பாவம், இதற்கு மட்டும் ஓய்வு வேண்டாமா என்று மனசு இளகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். கத்திய அலாரத்தை அமுக்கினேன். பொட்டு வைத்து, கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு! என்சைம் அதற்குள்தான் இருந்தது.

விஜயதசமிக்கும் விடுமுறை. அதற்கு மறுநாள் ஃப்ரீசரைத் திறந்தால் தண்ணீர் என் காலில் கொட்டியது. ட்யூப்களில் இருந்ததைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு புரதத்துக்கும் குல்லா ஏறவில்லை.

யார் நிறுத்தியது என்று மேனேஜர் கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்றார்.

"ரெஸ்ட் குடுத்தேன் சார்."

சிரித்துவிட்டால் பிழைத்தேன் என்று அவர் முகத்தையே பார்த்தேன். சிரிக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் புதிதாகத் தயாரித்துக் காட்ட வேண்டும், அதுவரை லீவு என்ற பேச்சே கூடாது, முடியாவிட்டால் கிளம்பலாம் என்றார்.

வீட்டில் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழியை எல்லாம் தூக்கி அவர்மேல் போட்டேன். உன் சட்டத்தால்தான் என் வேலைக்கே உலை என்று கத்தினேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி நிதானமாகச் சொன்னார்: "மிஷினுக்கு இன்னாம்மா ரெஸ்ட்டு? அது நின்னாத்தான் எங்கள ஊட்டுக்கு உடுவாங்க. வருசத்துல அந்த ஒரு நாளுதான்."

மீதியையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தீபாவளிக்கும் லீவு இல்ல, நைனா."

பிசைந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.